குறை மின்சாரமும் நிறை வளர்ச்சியும்

மூடிக்காரர் மின்சார அலுவலகத்துக்குப் போனது ஒரு கம்பி கேட்டு. தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து அவருடைய பட்டறை வரைக்கும் கொஞ்சம் தடிமனான கம்பியாக இழுத்துக் கொடுத்தால், மதியத்துக்கு மேலும் இயந்திரம் ஓடும் என்று நினைத்தார். நாட்டின் பொருளாதாரத்தை முன்னேற்ற வேண்டும் என்கிற எண்ணம் எதுவும் அன்றைக்கு அவருக்கு இருக்கவில்லை. அதற்கு முன்பு எப்போதாவது இருந்ததாகவும் தெரியவில்லை.

அவர் இருமல் மருந்து பாட்டில்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்பவர். தகரக் கூரை போட்ட பட்டறை, செகண்ட் ஹேண்டாக வாங்கிய வார்ப்பு இயந்திரம் ஒன்று, மூலையில் பிளாஸ்டிக் குருணை மூட்டைகள். குருணையை மேலே கொட்டினால் அது சூடான குழாய்க்குள் உருகி, அச்சுக்குள் பாய்ந்து, அச்சு திறக்கும்போது மூடிகளாகப் பொலபொலவென்று கொட்டும். இயந்திரத்தை அவரும் மச்சினனும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். விழுந்த மூடியை எடுத்து ஒரு காலி பாட்டிலில் திருகிப் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் போடுவது மனைவியின் வேலை.

"கல்யாணத்துக்கு முந்தி அக்கா உங்களையும் இப்படி ஒரு திருகு திருகிப் பாத்திருக்கணும் மாமா" என்பான் மச்சினன்.

"பாத்தேன். அப்பவே கொஞ்சம் லூசாத்தான் இருந்துச்சு. பரவால்லன்னு எடுத்துக்கிட்டேன்" என்பாள் அவள், கையை நிறுத்தாமல்.

மதியம் தாண்டியதும் அந்தத் தெருவில் மின்சாரம் இளைத்துவிடும். குழல்விளக்கு கண் சிமிட்டும். மின்விசிறி இறக்கையை எண்ணிச் சொல்லலாம். இயந்திரத்தின் ஹீட்டர் ஆறிப்போய், குழாய்க்குள் இருக்கும் பிளாஸ்டிக் கல்லாக இறுகிவிடும். அதை மறுபடியும் இளக வைக்க அடுத்த நாள் காலை பாதி போய்விடும். இறுகுவதற்கு முன்னால் வருகிற மூடிகளில் உள்ளே திருகுப் புரி சரியாக விழாது. போன தடவை போன சரக்கில் அப்படிச் சில மூடிகள் கலந்துவிட்டன. மருந்து கம்பெனி மேனேஜர் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். "அண்ணே, நம்ம மருந்து குடிச்சா இருமல் நிக்கணும். மருந்து கசிஞ்சு சட்டைப்பை ஒட்டக் கூடாது. அடுத்த தடவையும் இப்படின்னா நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

அதனால்தான் கம்பி.

மின்சார அலுவலகத்து எழுத்தர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, கூரையை நோக்கி விரலைக் காட்டினார்.

"புது லைன் எல்லாம் இப்ப நேரா குடுக்கிறதில்லைங்க. புத்தாக்கத்துக்குத்தான் முன்னுரிமை. மாடியில புத்தாக்க வளர்ச்சி இயக்ககம் இருக்கு. உங்க தொழில்ல புதுமை இருக்குன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

"என் தொழில்ல என்னங்க புதுமை? மூடி. திருகினா மூடும்."

"அதையே கொஞ்சம் புதுசா சொல்லிப் பாருங்க."

மாடியில் குளிர் அடித்தது. கீழ்த்தளத்தில் வியர்த்துக்கொண்டிருந்த அதே கட்டடம்தான் இது என்று நம்புவது கஷ்டமாக இருந்தது. நாற்காலிகள் இல்லை. பல வண்ணங்களில் மூட்டை மூட்டையாக ஏதோ கிடந்தது. குருணை மூட்டை என்று நினைத்து அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். அவற்றில்தான் உட்கார வேண்டும் என்று பிறகு தெரிந்தது. உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. சுவரில் பெரிய எழுத்தில், "தோற்கத் துணிந்தவனே வளர்ச்சியின் தூண்" என்று எழுதியிருந்தது.

வழிகாட்டி என்று சட்டையில் அட்டை குத்தியிருந்த ஒரு பெண் வந்து அவர் எதிரில் இன்னொரு மூட்டையில் அமிழ்ந்தாள். சின்ன வயது. சிரித்த முகம்.

"சொல்லுங்க சார்."

"கரண்டு பிரச்சினைம்மா."

"பிரச்சினைன்னு இங்க நாங்க சொல்லமாட்டோம் சார். சவால்னு சொல்லுவோம்."

"சரிம்மா. மதியத்துக்கு மேல கரண்டு சவாலா இருக்கு."

அவளுக்கு அது பிடித்துவிட்டது. இயக்குநரே நேரில் வந்து பார்ப்பார் என்றாள். மூடிக்காரரைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டதும் அவள்தான்.

இயக்குநர் ஒரு மதிய நேரத்தில் வந்தார். மூடிக்காரருக்கு அதில் சந்தோஷம். வரும் நேரம் சரியான நேரம், வோல்டேஜ் விழுவதைக் கண்ணால் பார்த்துவிடுவார். அப்படியே நடந்தது. இயக்குநர் வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. மனைவி வழக்கம்போல எழுந்து போய், மூலையில் மடித்து வைத்திருந்த கட்டம்போட்ட கம்பளிப் போர்வையை எடுத்து, இயந்திரத்தின் குழாயைச் சுற்றியிருந்த தகரத்துக்கும் கோணிக்கும் மேலே போர்த்தி, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குச் செய்வதுபோல ஓரங்களைச் செருகிவிட்டு வந்தாள்.

இயக்குநர் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"போர்வை சார்" என்றார் மூடிக்காரர்.

"போர்வைன்னு தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"சூடு சீக்கிரம் இறங்காது சார். கரண்டு திரும்பி வந்துட்டா தப்பிச்சோம். வரலைன்னா அவ்வளவுதான்."

"இதுக்கு எவ்வளவு மின்சாரம் ஆகும்?"

"எதுக்கு சார், போர்வைக்கா?"

"ஆமா."

"போர்வைக்குக் கரண்டு வேணாம் சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழிகாட்டிப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "குறிச்சுக்கோங்க. மின்சாரமே தேவைப்படாத தொழில்நுட்பம்."

மனைவிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முன்னால் வந்து சொன்னாள். "சார், அது சும்மா ஒரு அவசரத்துக்குப் போர்த்தறது. பாதி நாள் அதுவும் கைகொடுக்காது. நீங்க லைன் குடுத்துட்டா போர்வையே வேணாம். ராத்திரி போர்த்திக்கவாவது ஆகும்."

"அம்மா ரொம்ப அடக்கமா பேசறாங்க" என்றார் இயக்குநர். "அடக்கம்தான் நம்ம கண்டுபிடிப்பாளர்களோட பெரிய பலவீனம்."

அடுத்த மாதம் ஒரு பெரிய மண்டபத்தில் மூடிக்காரருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மனைவியும் மச்சினனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் பேசினார். அவர் பேச்சு அடுத்த நாள் பத்திரிகைகளில் வந்தது. ஒரு வார்த்தை விடாமல் போட்டிருந்தார்கள்.

"பணக்கார நாடுகளில் எல்லாம் இருக்கிறது. அதனால் அங்கே யாருக்கும் எதையும் கண்டுபிடிக்கத் தோன்றுவதில்லை. நம்மைப் போன்ற வளரும் ஆசிய நாடுகளிடம் என்ன இருக்கிறது? இல்லாமை இருக்கிறது. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, சாலை இல்லை. இந்த இல்லாமை என்பது எவ்வளவு பெரிய வளம் என்று நாம் இதுவரை உணரவில்லை. சென்ற ஆட்சிகளில் இருந்தவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்து, பொறுப்பில்லாமல் வீணடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதையாவது நாம் காப்பாற்ற வேண்டாமா?"

கைதட்டல் ஓய நேரமானது. மூடிக்காரரும் தட்டினார். கையில் கேடயம் இருந்ததால் சத்தம் வரவில்லை.

"மாமா, இல்லாமையைக் காப்பாத்தறேன்னு சொன்னாரே, அதைக் கவனிச்சீங்களா?" என்று திரும்பி வரும்போது மச்சினன் கேட்டான்.

"பேச்சுக்குச் சொல்லியிருப்பாருடா."

மறுநாள் காலையில் கேடயத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மின்சார அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, உங்களுக்கு லைன் குடுக்கக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க."

"புதுமை இருக்குன்னு அவங்களே சொல்லிட்டாங்களேப்பா. இதோ பாரு, எழுதியே குடுத்திருக்காங்க."

"அதனாலதாண்ணே. லைன் குடுத்தா வோல்டேஜ் சரியாயிடும். வோல்டேஜ் சரியாயிட்டா போர்வை வேணாம். அப்புறம் உங்க கண்டுபிடிப்பு என்னாகும்? யோசிச்சுப் பாருங்க."

மூடிக்காரர் யோசித்துப் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். இயக்குநர் அவரைக் காக்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டார். அறையில் உண்மையான நாற்காலி இருந்தது. அதைப் பார்த்ததும் மூடிக்காரருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"சார், இந்தக் கேடயத்தைத் திருப்பிக் குடுத்துடறேன். எனக்குக் கண்டுபிடிப்பு வேணாம். லைன் மட்டும் போதும்."

இயக்குநர் அவரை அன்போடு பார்த்தார். "ஒவ்வொரு கண்டுபிடிப்பாளருக்கும் இப்படி ஒரு தளர்ச்சி வரும். நாங்க இதை எதிர்பார்த்தோம். அதுக்குத் தனியா ஆலோசகர் போட்டிருக்கோம்."

"தளர்ச்சி இல்ல சார். பிளாஸ்டிக் இறுகிடுது."

"பாருங்க, அந்தப் போர்வை இப்ப உங்களோடது இல்ல. நாட்டோடது. ஒரு தனி மனுஷனோட வசதிக்காக நாட்டோட கண்டுபிடிப்பை அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல. இருந்தாலும் செய்ய மாட்டேன்."

வெளியே வந்தபோது வழிகாட்டிப் பெண் படிக்கட்டு வரைக்கும் கூட வந்தாள். "சார், நான் இன்ஜினியரிங் படிச்சேன். லைன் போட்டா ஒரே நாள்ல சரியாயிடும்னு எனக்கும் தெரியும்" என்றாள் மெதுவாக. "ஆனா இது எனக்கு முதல் வேலை. வீட்டுல அப்பா இல்ல." பிறகு யாரோ வருவதைப் பார்த்துவிட்டு, முகத்தில் சிரிப்பை வரவழைத்து, "சவாலை நேசிங்க சார்" என்று சத்தமாகச் சொன்னாள்.

தெருவாசிகள் முதலில் பெருமைப்பட்டார்கள். தெருமுனையில் 'புத்தாக்க வீதி' என்று பலகை நட்டபோது, எதிர்வீட்டு அச்சகத்து அக்காதான் அதை வெட்கத்தோடு படித்துவிட்டு, "நம்ம தெருவுக்கும் ஒரு பேர் கிடைச்சுது பாரு" என்றாள். அந்த வாரக் கடைசியில் தெரு முழுவதற்கும் மின்சாரம் காலையிலிருந்தே இளைத்துவிட்டது. விசாரித்தால், ஒரு பட்டறையில் மதியம் மட்டும் இருந்த குறைபாட்டுக்கே ஒரு கண்டுபிடிப்பு வந்திருக்கிறது என்றால், தெரு முழுவதும் நாள் முழுவதும் குறைத்தால் எவ்வளவு வரும் என்று இயக்ககம் சோதித்துப் பார்க்கிறது என்றார்கள். வீதி முழுவதும் உகந்த சூழல் ஏற்படுத்தப்படுவதாக ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று சொல்லிக்கொண்டு போனது. தெருக்குழாயிலும் தண்ணீர் நூலாக வந்தது.

அச்சகத்தில் பாதி அச்சான கல்யாணப் பத்திரிகைகள் கல்யாணம் முடிந்த பிறகும் கிடந்தன. கடைசல் பட்டறைக்காரர் லேத்தை ஓட்ட முடியாமல், பழைய சைக்கிள் ஒன்றைத் தலைகீழாகக் கட்டி, மகனை மிதிக்க வைத்து ஒரு போல்ட்டைக் கடைந்து பார்த்தார். போல்ட் வரவில்லை, மகனுக்கு முட்டி வீங்கியது. ஆனால் அதை யாரோ படம் எடுத்துவிட்டார்கள். அவருக்கும் கேடயம் வந்தது. மேடையில் அவர் அழுதார். 'மகிழ்ச்சிக் கண்ணீர்' என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் மூடிக்காரரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அச்சகத்து அக்கா பேசாமல் இருக்கக்கூடியவள் இல்லை. ஒரு நாள் காலையில் நேராகப் பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"ஏம்பா, போர்வையை எதுக்கு வாங்கினே?"

"போர்த்திக்கத்தான்க்கா."

"அப்ப உன்மேல போர்த்திக்கிட்டுப் பேசாம படுத்திருக்க வேண்டியதுதானே. உன்னை யாரு அதை மெஷினுக்குப் போர்த்தச் சொன்னா?"

"நான்தான்க்கா போர்த்தினேன்" என்றாள் மனைவி. அச்சகத்து அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்பது போல இருந்தது.

பிறகு பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். கல்லூரி மாணவர்கள், வங்கிக்காரர்கள், வேறு நாட்டிலிருந்து வந்த கோட்டுப் போட்ட குழுக்கள். அவர்கள் வரும்போது இயந்திரம் ஓடக் கூடாது, சத்தத்தில் விளக்கம் கேட்காது. போர்வையை மட்டும் போர்த்திக் காட்ட வேண்டும். நன்றாகத் தெரியவில்லை என்று பின்வரிசைக்காரர்கள் சொன்னால் மறுபடி எடுத்து மறுபடி போர்த்த வேண்டும். மனைவி நாள் முழுவதும் போர்த்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். ஒரு வெளிநாட்டு அம்மா, "இந்த யோசனை உங்களுக்கு வந்த அந்தக் கணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாள்.

"பக்கத்துல வேற எதுவும் இல்ல. போர்வைதான் இருந்துச்சு" என்றாள் மனைவி.

மொழிபெயர்ப்பாளர் அதை வெகுநேரம் மொழிபெயர்த்தார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காட்சிக்கூடத்தில் வைப்பதற்காக இயக்ககத்து ஆட்கள் வந்து போர்வையைக் கையுறை போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பதிலாக இயக்ககத்தின் ஆராய்ச்சிப் பிரிவு தயாரித்த மேம்படுத்தப்பட்ட போர்வை ஒன்றைக் கொடுத்தார்கள். அது மெல்லியது. நடுவில் இயக்ககத்தின் முத்திரை இருந்தது. காற்றோட்டத்துக்காக ஓட்டைகள் போட்டிருந்தார்கள். அதைப் போர்த்திய முதல் நாளே குழாய் முழுவதும் இறுகியது. மனைவி அலமாரியைத் திறந்து, தம்பியின் தடித்த படுக்கை விரிப்பை எடுத்துப் போர்த்தினாள். வழிகாட்டிப் பெண் அதைப் பார்த்துவிட்டுக் கலங்கிப் போனாள்.

"அக்கா, இதை எடுத்துடுங்கக்கா. அங்கீகாரம் இல்லாத துணியைப் போர்த்தறது காப்புரிமை மீறல். சட்டப்படி, உங்க வீட்டுக்காரரோட கண்டுபிடிப்பை நீங்க திருடற மாதிரி ஆயிடும்."

"அவர் இதோ இங்கதான் நிக்கறாரு. அவரையே கேளு, நான் திருடறேனான்னு."

"அவரைக் கேக்க முடியாதுக்கா. உரிமை இயக்ககத்துக்கிட்ட இருக்கு."

மனைவி விரிப்பை எடுத்துவிட்டாள். அப்படியே இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. கையை எடுக்காமலே இருந்தாள், அது முழுவதும் ஆறும்வரை.

அன்று அவசரப்பட்டு ஓட்டிப் பார்த்ததில் உள்ளே பிளாஸ்டிக்கைத் தள்ளும் திருகு தண்டு உடைந்தது. அதற்குப் பிறகு மூடி வரவில்லை.

மருந்து கம்பெனி மேனேஜர் போனில் பேசும்போது அழாத குறை. "அண்ணே, நான் ரொம்ப நாள் தள்ளிப் பாத்தேன். கடல் தாண்டி ஒரு நாட்டுல இருந்து மூடி வர வெச்சிட்டாங்க. ஒண்ணு கூடத் தப்பு இல்ல. நான் வேற என்ன சொல்லட்டும்." மூடிக்காரர், "பரவால்ல தம்பி, உடம்பைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

மச்சினன் கிளம்பினான். எந்த நாட்டிலிருந்து மூடி வந்ததோ அந்த நாட்டுக்கே, மூடித் தொழிற்சாலை வேலைக்கு. போய்ச் சேர்ந்ததும் போனில் கூப்பிட்டான். அவனுடைய வழக்கமான நக்கல் குரலில் இல்லை.

"எப்படிடா இருக்கு அங்க? அவங்க மெஷின்ல ஏதாவது விசேஷம் இருக்கா?"

"நம்ம மெஷின் மாதிரியேதான் மாமா. கொஞ்சம் பழசு கூட."

"அப்புறம்?"

"இங்க கரண்டு இருக்கு மாமா. அவ்வளவுதான்."

பிறகு, "அக்கா கிட்ட சொல்லாதீங்க" என்றான்.

இயக்ககத்தின் அந்த ஆண்டு அறிக்கை வந்தபோது மூடிக்காரரை மறுபடி அழைத்தார்கள். ஒரு மூடிக்குச் செலவாகும் மின்சாரத்தை உலகிலேயே பூஜ்யமாகக் குறைத்த ஒரே பட்டறை அவருடையது என்று இயக்குநர் கை குலுக்கினார்.

"சார், மூடியும் பூஜ்யம்தான்" என்றார் மூடிக்காரர்.

"தெரியும். அதை வேற அத்தியாயத்துல வெச்சிருக்கோம்."

"பட்டறையைப் பூட்டிட்டேன் சார்."

"சிறப்பு. துணிந்து தோற்றவர்கள்னு ஒரு பிரிவு இருக்கு, அதுல ஆள் குறைவா இருந்துச்சு." இயக்குநர் அவர் தோளில் கை போட்டார். உண்மையிலேயே இரக்கமுள்ள மனிதர்தான். "உங்களை நாங்க கைவிட மாட்டோம். இயக்ககத்துலயே ஒரு வேலை காலியா இருக்கு. மெஷின் தெரிஞ்ச ஆள் வேணும்."

அது ஜெனரேட்டர் வேலை. இயக்ககத்துக்கென்று புதிதாகக் கட்டிய மாநாட்டு மண்டபத்தின் பின்புறம், யானை அளவுக்கு ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் போனால் உள்ளே இருப்பவர்களுக்குப் போனதே தெரியக் கூடாது. மூடிக்காரர் ஒத்துக்கொண்டார். மனைவியும் மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கடல் தாண்டி வந்த மூடிகளைப் பாட்டிலில் திருகுவது.

"எப்படி இருக்கு அந்த மூடி?" என்று ஒரு நாள் கேட்டார், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.

"நல்ல மூடிங்க" என்றாள். "சும்மா சொல்லக் கூடாது. ஒரே திருகுல உக்காந்துடுது."

பெரிய மாநாடு வந்தது. 'வளரும் ஆசியாவில் புத்தாக்கமும் பொருளாதார வளர்ச்சியும்' என்று மண்டபத்துக்கு வெளியே பல மொழிகளில் கட்டியிருந்தார்கள். இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். மூடிக்காரர் பின்பக்கத்துக் கதவிடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லாமையே வளம் என்ற இடம் வந்ததும் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் தானாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்கவில்லை. டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருந்தது.

மண்டபம் கும்மிருட்டு. உள்ளே யாரும் எதையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ யாருடைய காலையோ மிதித்த சத்தம். ஒலிபெருக்கி செத்துப்போனதால் இயக்குநரின் சொந்தக் குரல் மெலிதாக வந்தது. "யாருப்பா அங்க. சீக்கிரம் போடுங்கப்பா. எனக்கு இருட்டுன்னா ஆகாது."

மூடிக்காரர் ஜெனரேட்டரின் பக்கத்தில் நின்றார். காற்றை வெளியேற்றிவிட்டார், இனி பொத்தானை அழுத்த வேண்டியதுதான். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். அழுத்தாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். அச்சகத்து அக்கா முகம் வந்தது. மச்சினன் வந்தான். அவர்கள் வந்து நின்றார்களே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேலை போகும், வேறொருவர் வந்து அழுத்துவார், அவ்வளவுதான். அழுத்தினார்.

வெளிச்சம் வந்தது. இயக்குநர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"நண்பர்களே, இப்போது சற்று நேரம் இருட்டில் இருந்தோம். அது தற்செயல் என்று நினைக்கிறீர்களா?" சபையைச் சுற்றிலும் பார்த்தார். "அந்த இருட்டில் உங்களில் எத்தனை பேருக்குப் புதிய யோசனை ஒன்று தோன்றியது? கை தூக்குங்கள்."

ஒருவர் தூக்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர் தூக்கினார். பிறகு மண்டபமே கை தூக்கியது. வழிகாட்டிப் பெண்ணும் ஓரத்தில் நின்று தூக்கியிருந்தாள்.

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மாநாடு முடிந்ததும் இயக்குநர் மண்டபத்தின் பின்புறம் வந்தார். மூடிக்காரர் எழுந்து நின்றார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். இயக்குநர் ஜெனரேட்டரைத் தட்டிக் கொடுத்தார், ஒரு குதிரையைத் தட்டுவது மாதிரி. பிறகு அவரிடம் சில விஷயங்களை விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்து, கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விரல் நுனிகள் சிவந்திருந்தன.

"உங்களுக்கு இன்னிக்கு என்ன வேலை?"

"ஒருதரம் தானா அணைஞ்சுடுச்சு. நான் போட்டேன்."

"திட்டினாங்களா?"

"இல்ல. பாராட்டினாங்க. இனிமே ஒவ்வொரு கூட்டத்துலயும் பாதிப் பேச்சுல நானே அணைக்கணுமாம். அதுக்குன்னே தனியா ஒரு சுவிட்ச் வெக்கப் போறாங்க. இயக்குநருக்கு மட்டும் மேடையில ஒரு சின்ன விளக்கு எரியணும். அவருக்கு இருட்டு ஆகாது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு பேருக்கும் அது நின்றுபோனது, எப்போது நின்றது என்று தெரியாமல்.

"நாளைக்கு?" என்று கேட்டாள்.

"நாளைக்கு ரெண்டு தடவை அணைக்கணும்" என்றார். "வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க."